ஒரே பெயரில் ஊற்றிய பால்

என் செல்ல அம்மாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் நேரில் சண்டை போட்டிருப்பேன்.

முதலில் நம் வீட்டுச் செய்தி. அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் வேலைக்குப் போகிறார். அங்கேயே மண்ணரை என்ற பகுதியில் லைன் வீடு. பாக்கெட் பால் வாங்குகிறோம், உனக்குப் பிடிக்காது என்று தெரியும். நம் மாடுகள் மலையில் அத்தை வீட்டில் இருக்கின்றன. லீவு விட்டால் நானும் மலைக்குப் போய்விடுகிறேன்.

வகுப்பில் கூட்டுறவு பற்றிப் பாடம் வந்தபோது எழுந்து நின்று உன் கதையைச் சொன்னேன். முன்பெல்லாம் வியாபாரி ஒருவர் மலையேறி வந்து, நுரை அடங்கும்வரை காத்திருந்து, தன் படியில் பாலை அளந்து வாங்கிப் போவார். மழை பெய்தால் அவர் வராமல் பாலெல்லாம் வீணாகும். ஒருநாள் நீ கேனைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துச் சங்கத்துக்கு நடந்து போய், உறுப்பினராகி, பால் வேனை மலைமேல் வரவைத்தாய். "விவசாயிகளே முதலாளிகள். எங்கள் ஊரே முதலாளி" என்று முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

எவ்வளவு தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்று போன வாரம்தான் தெரிந்தது.

நான் லீவுக்கு மலைக்குப் போயிருந்தபோது, சங்கத்துச் செயலாளர் ஊருக்கு வந்திருந்தார். அடுத்த மாதத்திலிருந்து வேன் வராது என்றார்.

"ஏனுங்க, நாங்க தெனமும் பால் ஊத்தறமுங்களே?" என்று அத்தை கேட்டார்.

"யாரு பேர்ல ஊத்தறீங்க? இந்த மலைக்கே ஒரே மெம்பருங்க. அவங்களும் காலமாயிட்டாங்க. மெம்பர் இல்லாத எடத்துக்கு வேன் அனுப்பச் சங்கம் ஒத்துக்காதுங்க."

உண்மைதான் அம்மா. எல்லா வீட்டுப் பாலையும் ஒரே கேனில் கலந்து, முறை வைத்து ஒரு வீட்டார் ஊருக்குக் கீழே வேன் நிற்கும் இடத்துக்குச் சுமந்துபோய், உன் பெயரில்தானே ஊற்றினார்கள்? நீ போன பிறகும் அப்படியேதான் நடந்திருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். ரங்கம்மாக்காவின் பாலில் சத்து இல்லை என்று ஒருமுறை சங்கத்துக்காரர்கள் எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அழுதுகொண்டே வந்தார். அன்றைக்குத்தான் நீ, "இனி எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து எம்பேர்ல ஊத்துங்க" என்றாய். அவரவர் பெயரில் உறுப்பினராகச் சேருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. உனக்கு அது தோன்றவே இல்லையா? அல்லது எல்லோரும் உன்னையே நம்பி இருப்பது உனக்குப் பிடித்திருந்ததா?

இப்போது தையலுக்கு ஆள் எடுக்கக் கம்பெனி வேன் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. பால் வேன் நின்றால் மாடுகளை விற்றுவிட்டு எல்லோரும் அதில்தான் ஏறுவார்கள்.

செயலாளர் போன பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"இதுக்கெதுக்கு வெசனம்? அம்மணி பேர்ல ஊத்தினா ஆச்சு" என்று அத்தை என்னைக் காட்டினார்.

"எனக்கு இன்னும் பதினெட்டு வயசு ஆகலைங்க அத்தை, மெம்பராக முடியாது."

"அப்ப உங்கப்பன் பேர்ல."

"அப்பாகிட்ட மாடு எங்கீங்க இருக்குது? மண்ணரையில பனியனையா கறக்கறாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "யார் பேர்லயும் வேண்டாமுங்க. ஊட்டுக்கு ஊடு மெம்பராகித் தனித்தனியா ஊத்துங்க. நாங்க பேர் தர மாட்டோம்" என்றேன்.

"பேச்சப் பாரு, அவங்கம்மாளாட்டவே" என்றார் அத்தை.

"அவளாட்ட எங்கீங்க? அவ ஒருநாளும் நமக்கு இல்லைன்னு சொன்னதில்லை" என்றார் ரங்கம்மாக்கா.



மறுநாள் காலை வேனுக்கு அத்தை தனிக் கேனோடு வந்தார். கடைசியில் ரங்கம்மாக்கா, முந்தானையால் தூக்குப்போசியை மூடிக்கொண்டு வந்தார். மற்ற வீட்டார் பழையபடி ஒரே கேனில் அனுப்பியிருந்தார்கள். வேனில் வந்திருந்த செயலாளர் அதைத் தொடவில்லை. கேன் அப்படியே மேலே திரும்பியது. அந்த வீட்டார் என்னை ஏசியதை இங்கே எழுத மாட்டேன்.

ரங்கம்மாக்காவின் பாலைச் சோதித்தபோது சத்து குறைவாகத்தான் வந்தது. செயலாளர் என்னைப் பார்த்து, "இதைத் திருப்பி அனுப்ப மாட்டோம், ஆனா வெலை கொறயும். அத்தை பால்ல கலந்துடட்டுமா அம்மணி?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கும் கலந்துவிடலாம் என்றுதான் இருந்தது.

ரங்கம்மாக்கா முந்திக்கொண்டார். "கலக்க வேண்டாமுங்க. கொறஞ்ச வெலையே போடுங்க. எம்பேரை எழுதுங்க."

தன் பெயரைச் சொல்லிவிட்டு, செயலாளர் அதை உறுப்பினராக எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்தார்.

இரண்டே வீடுதான் உறுப்பினர் ஆகியிருக்கிறது. வேன் தொடர்ந்து வர இது போதாது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போவேன். என்னை ஏசியவர்கள் வீட்டுக்கும் போவேன். ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் பெயரைத்தான் கேட்பேன், உன் பெயரைச் சொல்லி யாரையும் கெஞ்ச மாட்டேன். இது உனக்குச் செய்யும் சத்தியம் அம்மா.

கோபம் இன்னும் தீராத
உன் மகள்,
கயல்விழி