எட்டாவது எபிசோடுக்கு ஒரு சம்மதம்

திருத்தணி
9.6.2025

அன்பு மகள் அபிகாயிலுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சுகம். உன் சுகத்தை எழுது.

முதலில் என் மானம் போன கதை. சனிக்கிழமை உன் ஷூட்டிங்குக்குச் சபைப் பெண்கள் பதினோரு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன் அல்லவா? வழியெல்லாம் நான்தான் அவர்களுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு டிவியில் ஒருத்தர் கோட்டுப் போட்டு உட்கார்ந்து பிரபலங்களோடு அரட்டை அடிப்பாரே, அந்த மாதிரி நிகழ்ச்சிக்குத் திரைக்குப் பின்னால் நடக்கிற கூத்துதான் இந்தச் சிரிப்புச் சீரியல், அதை எழுதுகிறவர்களில் என் மகளும் ஒருத்தி, நாம் பொய் நிகழ்ச்சியில் உட்கார்ந்து கைதட்டுகிற பொய் ஜனங்கள் என்று. ராத்திரி நிகழ்ச்சியை மத்தியான வெயிலில் எடுப்பானேன் என்று பெபியம்மா கேட்டாள்.

நிகழ்ச்சி நடத்துகிறவராக நடிக்கிறவர், செத்துப்போன தாயாரைப் பற்றி உருக்கமாகப் பேசி முடித்தார். கைதட்டச் சொல்லிச் சைகை வருவதற்குள் நான் "ஆமென்" என்றேன். நான் சொன்னால் பதினோரு பேரும் சும்மா இருப்பார்களா? ஒரே குரலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட அவ்வளவு நன்றாக வராது.

டைரக்டர் சிரித்தார். லைட்காரர்களும் சிரித்தார்கள். நீ மட்டும் வந்து, "நைனா, கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றாய். பிளாஸ்டிக் நாற்காலியில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் இல்லை. உன் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்ததைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் கேட்டால் "அப்புறம் பேசறேன்" என்கிறாய். தபாலுக்கு அப்படிச் சொல்ல முடியாது, பார்.

வெளியே உட்கார வைக்கப்பட்ட,
ஜெபக்குமார்


சென்னை
17.6.2025

அன்புள்ள நைனா,

ஆமென்மேல் கோபம் இல்லை. டைரக்டர் அதை எபிசோடில் அப்படியே வைத்துக்கொண்டார். எனக்குத்தான் அன்று யாரையும் பார்க்கத் தெம்பில்லை.

ஐந்து பேர் ஒரு அறையில் காலையிலிருந்து உட்கார்ந்து சிரிப்பு எழுதுகிறோம். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. எதை அனுப்பினாலும் "இன்னும் கொஞ்சம் காமெடி" என்று சேனலிலிருந்து திரும்பி வருகிறது. இரண்டு வாரம் முன்னால் ஒன்றும் தோன்றாமல், அம்மாவை அடக்கம் செய்த நாளில் நீங்கள் பேசியதைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்போது அதுதான் எட்டாவது எபிசோடு. நிகழ்ச்சி நடத்துகிறவரின் மனைவி இறந்துபோகிறாள், கல்லறையிலும் அவர் ஜோக் சொல்கிறார். நான் தனியாக எழுத வேண்டுமாம். என் பேர் மட்டும் வரும், முதல் தடவையாக. நன்றாக வந்தால் அடுத்த வருஷமும் வேலை உண்டு. நீங்கள் வேண்டாம் என்றால் நான் எழுத மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும் நைனா. நாலு வருஷமாகக் கேட்கவில்லை. அம்மா பெட்டியில் கிடக்கும்போது உங்களுக்கு எப்படி ஜோக் சொல்ல வாய் வந்தது? நான் பக்கத்தில் நின்றேன். அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதை நான் மன்னிக்கவில்லை. உங்களுக்கும் தெரியும்.

அபி


திருத்தணி
24.6.2025

என் கண்ணு அபிக்கு,

எழுது. சம்மதம். பேர் வருகிறதென்றால் சும்மாவா? சபை நோட்டீசில் தவிர நம் வீட்டு ஆள் பேர் எதிலும் வந்ததில்லை.

எழுதுவதைச் சரியாக எழுது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பத்தில் ஒருத்தர் ரெண்டு வார்த்தை சொல்வது நம் சபை வழக்கம். பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மணவூர் ஸ்டேஷனில் இருபத்தாறு வருஷம் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். ரயில் எப்போது வரும் என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தும், உன் அம்மா அரக்கோணம் போவதற்குக்கூட ஒரு மணி நேரம் முன்னால் போய்ப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிடுவாள். நான் பின்னால் ஓடுவேன். அதைத்தான் சொன்னேன். "தபிதாள் இன்னிக்கும் முன்னாடியே கெளம்பிட்டா. நான் வழக்கம்போல வூட்டப் பூட்டிகினு வரேன்." இந்த ரெண்டு வரிதான். மாற்றினால் கெட்டுப்போகும்.

ஏன் சொன்னேன் என்று கேட்டிருக்கிறாய். பத்தாவதை ரெண்டு தடவை எழுதினவனிடம் இவ்வளவு பெரிய கேள்வி கேட்கலாமா? மைக்கைக் கண்டால் என் வாய் தானாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளேன்.

ரெண்டே நிபந்தனை. கதையில் சாகிற அந்த அம்மாளுக்குத் தபிதாள் என்று பேர் வைக்காதே. புருஷனுக்குத் தொப்பை வைக்காதே.

நைனா


சென்னை
3.8.2025

அன்புள்ள நைனா,

பதினோரு தடவை மாற்றி எழுதினேன். நேற்று எடுத்து முடித்தார்கள். ஸ்டுடியோ பார்க்கிங்கில் மண் கொட்டிக் கல்லறை போட்டிருந்தார்கள். முடிந்ததும் கார் நிறுத்த வேண்டும் என்று அரை மணி நேரத்தில் வாரிவிட்டார்கள்.

உங்கள் ரெண்டு வரியில் மட்டும், அம்மா பேரைத் தவிர, யாரும் எதையும் தொடவில்லை. ஆனால் நடிகர் வந்து என்னிடம் கேட்டார். "மேடம், இதச் சொல்றப்ப நான் யாரப் பாக்கணும்?" எனக்குத் தெரியவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

வரும் 22, வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு. நீங்கள் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை. எனக்கும் காத்துக் காத்து அலுத்துவிட்டது.

அபி


திருத்தணி
24.8.2025

அபிம்மா,

பார்த்தேன். உன் பேர் வந்தபோது டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று படித்தேன். சின்ன எழுத்து, சீக்கிரம் போய்விட்டது. இன்று சபையில் பெபியம்மா, "நீங்க சொன்னதவிட அவரு நல்லா சொன்னாரு" என்றாள். ஆங், சம்பளம் வாங்குகிறார் இல்லையா என்றேன். அவருக்கு என்னைவிடப் பெரிய தொப்பை. அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

நேற்றுக் காலையில் நீ போன் பண்ணி எப்படியிருந்தது என்று கேட்டாய். நல்லாயிருந்தது, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன். உனக்குச் சப்பென்று போயிருக்கும். போனில் வராததை இதில் எழுதுகிறேன்.

அந்த நடிகர் பெட்டியைப் பார்த்தார். அது ஒன்றுதான் தப்பு. அதில் உன் தப்பு இல்லை. நான் சொல்லவில்லை, உனக்கு எப்படித் தெரியும்?

அன்று நான் உன்னைத்தான் பார்த்தேன் கண்ணு. அம்மா போனதிலிருந்து மூன்று நாளாக நீ அழவில்லை, ஒரு வாய் சாப்பிடவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் கிடந்தபோதும் என் அறுவை ஜோக்குக்கு ஒரு சிரிப்பாவது சிரித்த பெண் நீ. சிரிப்பு வந்துவிட்டால் அதன் பின்னாலேயே அழுகையும் வந்துவிடும், பிழைத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நூறு பேர் சிரித்தார்கள். நான் யாருக்குச் சொன்னேனோ அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் என் பேச்சுக்குச் சிரிக்க இருந்தது ரெண்டே பேர். ஒருத்தியைக் கல்லறையில் விட்டுவந்தேன். இன்னொருத்தி என் பக்கத்தில்தான் ஆட்டோவில் உட்கார்ந்து வந்தாள். அன்றைக்கே அவள் கையைப் பிடித்து, நீயும் போய்விடாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நைனா