ஒரு விதையில் மூன்று முளை

அன்புள்ள பெரீனாவுக்கு,

உன் யெர்கோ சொல்லச் சொல்லப் பாதிரியார் தோன் ஃபிரானே எழுதுவது. இங்கே கடலும் நானும் அமைதியாக இருக்கிறோம். ஆஸ்திரேலியாவில் நீயும் நம் மகள் விங்காவும் அவளுக்குப் பிறந்த பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன்.

நீ கப்பலேறும்போது துணியில் முடிந்து கொடுத்த பிளித்வாக் கீரை விதையை, மழை விட்டதும் ஊறவைத்துப் போட்டுவிட்டேன். நீ சொன்னபடி சாண் இடைவெளி, குழிக்கு ஒரே விதை. வலை பின்னுகிறவன் கை பிசகுமா? ஆனால் முளைத்தபோது பார்த்தால் குழிக்கு மூன்று, சிலதில் நாலு!

எனக்கு யார் மேல் சந்தேகம் வரும்? மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு உன் தங்கை லுக்ரே மேல்தான். ஒலிவத் தோப்பைப் பங்கு வைத்த நாளிலிருந்து நம்மோடு பேசாதவளாயிற்றே. நம் பாத்தியைக் கெடுக்க மதிலேறி வந்து விதை தூவிவிட்டாள் என்று மதிலோரம் நின்று கத்தினேன். கத்தியதையெல்லாம் எழுத மாட்டேன் என்கிறார் பாதிரியார்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏன் மச்சான், பல்லு முளைச்ச நாளா பிளித்வா தின்னுறீங்க, ஒரு விதைக்குள்ள மூணு நாலு இருக்கும்னு தெரியாதா? ஒண்ண விட்டுட்டு மத்ததப் பிடுங்கணும். மீனைத் தவிர என்னதான் தெரியும் உங்களுக்கு?" என்றாள்.

"உங்க அக்கா சொல்லலியே" என்றேன்.

"இதுகூடவா சொல்லணும்னு நெனச்சிருப்பா, பாவம்!" என்றாள்.

உயிரோடு நிற்பதைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. கடைசியில் அவளே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதிலைத் தாண்டி வந்துவிட்டாள். கோபப்படாதே. பிடுங்கிய இளங்கீரையை உருளைக்கிழங்கோடு வேகவைத்து, பூண்டு நசுக்கிப் போட்டு, நான் சுட்ட மத்தி மீனோடு இருவரும் சாப்பிட்டோம். எண்ணெய் அவள் பங்கு மரத்து எண்ணெய். சண்டை போட்டதில் தப்பில்லை பெரீனா, நல்ல மரங்கள் அவளுக்குத்தான் போயிருக்கின்றன.

இப்போது தினமும் தண்ணீர் ஊற்ற வருகிறாள். வந்ததும் வராததுமாக, "தபால் வந்துச்சா?" என்கிறாள். இல்லையென்றால், "சும்மாதான் கேட்டேன், எனக்கென்ன" என்கிறாள்.

அடுத்த கடிதத்தில் அவளுக்கும் இரண்டு வரி எழுதச் சொல் விங்காவிடம். நான் கேட்டதாக இருக்க வேண்டாம். நீயாகவே நினைத்துக்கொண்டது போல இருக்கட்டும்.

இலைகள் கையகலம் வந்துவிட்டன. வெட்ட வெட்டத் துளிர்க்குமாம், நீ வரும்வரை தாங்கும் என்கிறாள். தாங்கும்தான். ஆனாலும் ரொம்ப நாளாக்கிவிடாதே. தேவமாதா உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டில் இருக்கும்
யெர்கோ