அவர் போவதற்குள்

1943 மார்ச் 7, ஞாயிறு

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அரிசி கிடையாது, இன்றும் மரவள்ளிதான். சாயங்காலம் கால் வீங்கிவிட்டது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. பிள்ளை பிறந்த பதினோராம் நாளே செத்துப்போனது. அது போய் ஐந்து மாதம். மாமியார் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். "தீபாவளிக்குள்ள இன்னொன்னு தங்கணும்டி பஞ்சாலை. வீடு வெறிச்சுன்னு கெடக்கு." என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

மார்ச் 11

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து அலமாரி காலி. டாக்டர் இல்லை, காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரசர் கந்தையா மட்டும் உட்கார்ந்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றில் இடப்பக்கம் அழுத்தினார். வலித்தது.

"காய்ச்சல் விட்டு விட்டு வந்து மண்ணீரல் வீங்கிப் போச்சு பிள்ளை. ரத்தமும் காணாது. முதல் பிள்ளைக்குப் பால் இல்லாமல் போனதும் இதாலதான். இப்ப வயித்தில தங்கினா உங்கள் ரெண்டு பேரையும் காப்பாத்த என்னட்ட ஒண்டும் இல்லை."

எவ்வளவு நாள் பொறுப்பது என்று கேட்டேன்.

"கால் வத்த வேணும். மூண்டு மாசம் காய்ச்சல் வராமல் இருக்க வேணும். பிறகு யோசியும்."

தவிடு, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, நெத்திலி தின்னச் சொன்னார். பயறுக்கு எங்கே போவேன்?

உடம்புக் கோளாறாலா பால் இல்லாமல் போனது? எல்லோரும் என் ராசி என்றல்லவா சொன்னார்கள்.

மார்ச் 20

பக்கத்து ஊர் கோலா சாவாவுக்கு நடந்துபோய், கல்யாணச் சேலையைக் கொடுத்து ஒரு மூட்டைத் தவிடு வாங்கி வந்தேன். நெல் குத்தும் மலாய்க்கார அம்மா, கோழிக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 2

தவிட்டுக் கஞ்சி. தொண்டையில் அரிக்கிறது.

மே 9

மறுபடி காய்ச்சல். மூன்று மாதத்தை இன்றிலிருந்து மறுபடி எண்ண வேண்டும்.

ஜூன் 14, திங்கள்

எங்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி பட்டியல் வாசித்தார். சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடும் வேலை. மூன்று மாதமாம். பக்கத்து ஊர் ரந்தாவிலிருந்து முன்பு போனவர்களில் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை. பன்னிரண்டு பெயர். ஏழாவது, முருகையா. அவர்தான். அடுத்த திங்கள் லாரி வருகிறது.

ஜூன் 15

மாமியார் இன்றைக்கு அதட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் போறதுக்குள்ள ஒன்ன வயித்துல வாங்கிக்கம்மா. அவன் வரலன்னா எனக்கு யாரு இருக்கா?"

கோபப்பட முடியவில்லை. ஒரே மகன். எனக்கும் அதே நினைப்புத்தானே? கடைசிக் காய்ச்சல் வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. காலில் இன்னும் குழி விழுகிறது. செத்தால் சாகிறேன் - இல்லை. அப்படி நினைக்கவும் பயமாக இருக்கிறது.

ஜூன் 18

எழுதவே கூசுகிறது. மரவள்ளிக் கொல்லையில் நானே அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அப்ப ஒங்களுக்கு நான் வேணாம், புள்ளையும் வேணாம், அப்படித்தானே - என்னென்னவோ கத்திவிட்டேன். அவர் வேலையை நிறுத்தவில்லை. கொத்திக்கொண்டே சொன்னார்.

"நீயும் போயிட்டா நான் எதுக்கு அங்கேருந்து திரும்பி வரணும்? ஒடம்பத் தேத்திக்க. அது போதும்."

ஜூன் 21

லாரி போய்விட்டது. மாமியார் என்னோடு பேசவில்லை.

ஜூன் 30

தீட்டு வந்துவிட்டது. கொடியில் துணி காய்வதைப் பார்த்த மாமியார் உள்ளே போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேண்டாம் என்ற அவர் பேச்சைக் கேட்டது தப்பா?

செப்டம்பர் 19

ஒன்பது நாள் காய்ச்சல். இன்றுதான் எழுந்து உட்கார முடிந்தது. தோட்டம் முழுக்க இதே காய்ச்சல். பக்கத்து லயத்து வரிசை வீட்டு மயிலம்மாள் அதில் செத்துப்போனாளாம். மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். அவள் புருஷனும் அதே லாரியில் போனவர்.

மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினார். "குடி" என்றார். மூன்று மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

1944 மார்ச் 3

கால் வற்றிவிட்டது. அமுக்கினால் குழி இல்லை. ஐந்து மாதமாகக் காய்ச்சலும் இல்லை. டிரசர் கண்ணைப் பார்த்துவிட்டு, "இப்ப சரி, பிள்ளை" என்றார்.

எதற்குச் சரி?

1945 ஜனவரி 14

பொங்கல். செய்தி ஒன்றுமில்லை.

1945 நவம்பர் 25, ஞாயிறு

ஜப்பான்காரன் போய் மூன்று மாதத்துக்குப் பிறகு, செரம்பானிலிருந்து ஒரு லாரி வந்தது. பன்னிரண்டு பேரில் மூன்று பேர். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. மாமியாருக்குத்தான் தெரிந்தது.

இடது காலில் முழங்கால்வரை புண், நிற்க முடியவில்லை. நான்தான் தூக்கி இறக்கி வீடுவரை சுமந்தேன். மூச்சுகூட வாங்கவில்லை எனக்கு. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "நல்லா இருக்க" என்றார்.

பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி, "இனி என்னலா, அடுத்த வருசம் தொட்டில் கட்டிட வேண்டியதுதான்" என்றாள்.

"அந்தப் பேச்ச விடு" என்றார் மாமியார். "எம்புள்ளைங்க ரெண்டும் வீட்டுல இருக்கு." சொல்லிவிட்டு, மகனுடைய புண்ணைக் கழுவ வெந்நீர் போடப் போனார்.