ஐந்து மணிக்கு அளந்த நிழல்

அனுப்புநர்:
பூட்டுக்காரரின் மனைவி (தையல் வேலை),
பூட்டுக்கடை மாடி, மணிக்கூண்டுத் தெரு.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
கருமந்திர உரிமத் துறை.

பொருள்: கணவரின் உரிமத்தை ரத்து செய்து, குழந்தையின் அழுகையை மீட்டுத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சாவி தொலைந்த பூட்டுகளைத் திறக்க மட்டும் என் கணவருக்குத் தங்கள் துறை உரிமம் வழங்கியது. கருமந்திரம் சொல்லச் சொல்ல நிழல் தேயும். நிழலோடு இரக்கமும் தேயும். ஆகவே மாதந்தோறும் நண்பகலில் நிழலை அளந்து, ஒரு சாணுக்குக் குறைந்தால் உரிமத்தைப் பறிக்க வேண்டும். இது தாங்கள் போட்ட விதிதான்.

2. தங்கள் ஆய்வாளருக்கு உச்சி வெயில் ஆகாதாம். மாதம் தவறாமல் மாலை ஐந்து மணிக்கு வருகிறார். அந்நேரத்தில் கோழிக்குக்கூட ஆள் உயரம் நிழல் விழும். நான் முறையிட்டதற்கு, "நிழல் ஜம்முன்னு இருக்கும்மா, போய் வேலையைப் பாருங்க" என்றார். நேற்று நண்பகலில் என் தையல் நாடாவால் நானே அளந்தேன். எனக்கு ஒரு சாணுக்கு மேல் இருந்தது. என் கணவருக்கு நான்கு விரற்கடைதான்.

3. திறக்கும் மந்திரத்தைத் தலைகீழாகச் சொன்னால் பூட்டலாம் என்று கண்டுகொண்டார். முதலில் எதிர்வீட்டு நாயின் குரைப்பைப் பூட்டினார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அடுத்து, "ஏண்டா, உன் நிழல் எங்கடா?" என்று கேட்ட பெற்ற தாயின் வாயைப் பூட்டினார். மாமியாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்தான். ஆனாலும் அவர் அடுப்படியில் சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

4. போன வாரம் எங்கள் பத்து மாதக் குழந்தையின் அழுகையையும் பூட்டிவிட்டார். அவள் அழுதால் சாவிக்கொத்தை ஆட்டிச் சிரிக்கவைத்த மனிதர் அவர். இப்போது கேட்டால், "சத்தம் நின்னுச்சுல்ல, இன்னும் என்ன?" என்கிறார். முந்தாநாள் அவள் இஸ்திரிப் பெட்டியில் கை வைத்துவிட்டாள். நான் முதுகைக் காட்டித் தைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அழுதாளோ, எனக்குத் தெரியாது.

5. ஐயா, ஒரே ஒரு நாள் குடை பிடித்துக்கொண்டாவது ஆய்வாளர் நண்பகலில் வந்திருந்தால் என் மகளின் கை வெந்திருக்காது. மிச்சமுள்ள நான்கு விரற்கடையும் போய்விட்டால் என் கணவர் அவளுக்கு அப்பாவாகவே இருக்கமாட்டார். எனவே தாங்களே நாளை நண்பகலில் நேரில் வந்து அளந்து, உரிமத்தை ரத்து செய்து, பூட்டியவற்றைத் திறக்க ஆணையிட வேண்டுகிறேன். அதுவரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுதான் தைப்பேன். கண்ணை எடுத்தால், அவள் அழுவது எனக்குத் தெரியாது.

இணைப்பு: தையல் நாடா ஒன்று, ஆய்வாளரின் உபயோகத்துக்கு.

இடம்: பூட்டுக்கடை மாடி
நாள்: கோடையின் ஒன்பதாம் நாள், நண்பகல்

இப்படிக்கு,
பூட்டுக்காரரின் மனைவி

சாட்சி: மாமியார் (பேச இயலாததால் கைரேகை)