தொட்டிகளை மறுபடி மாடியில் ஏற்றிவிட்டேன்

இன்று காலை நஸ்டர்ஷியத்தில் முதல் பூ விரிந்திருந்தது. பக்கத்தில் இருந்த இலையைக் கிள்ளி நசுக்கினேன். முள்ளங்கியும் கடுகும் கலந்த மாதிரி அந்தக் காரம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல்தான்.

ரிட்டயர் ஆன கையோடு இந்தப் பூவைப் பிடித்துக்கொண்டீர்கள். "குளிர் ஊர்ப் பூ, அடையாறு வெயிலுக்கு எங்க வரப்போகுது?" என்றேன். நீங்கள் கேட்கவில்லை. ஜூனில் விதைத்தீர்கள், முளைத்ததெல்லாம் கருகியது. அடுத்த முறை மண்புழு உரத்தை அள்ளிப் போட்டீர்கள். இலை மட்டும் குடை குடையாய் வந்தது, பூ இல்லை. அதற்கடுத்த வருடம் நவம்பர் கடைசியில் மழை ஓய்ந்ததும், கொண்டைக்கடலை மாதிரி சுருங்கிய விதைகளை ஊறவைத்து, பழைய பெயிண்ட் பக்கெட்டுகளில் ஓட்டை போட்டு, வெறும் செம்மண்ணும் மணலும் நிரப்பி, மொட்டைமாடியில் காலை வெயில் மட்டும் படும் கைப்பிடிச் சுவரோரம் வைத்தீர்கள். "நல்லா சோறு போட்டா இது சோம்பேறி ஆயிடுது. பட்டினி போட்டாத்தான் பூக்கும்" என்று சிரித்தீர்கள். ஜனவரிக் கடைசியில் ஆரஞ்சும் மஞ்சளுமாய்ச் சுவருக்கு வெளியே வழிந்தது.

மாடிக்கு நேர் கீழ் ஃப்ளாட்டில் இருக்கும் அசோசியேஷன் செக்ரட்டரி, தன் வீட்டுக் கூரை ஒழுகுவது நம் தொட்டிகளால்தான் என்றார். செங்கல் மேல் தூக்கி, அடியில் தட்டும் வைத்திருப்பதைக் கூட்டிப் போய்க் காட்டினீர்கள். தலையை ஆட்டினார். அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசைக்குப் போய்த் திரும்பினால், காம்பவுண்டு சுவரோரம் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. பூவோடு கொடி வெயிலில் துவண்டிருந்தது.

"செக்ரட்டரி சார்தான் எறக்கச் சொன்னாரு. நா இன்னா பண்றது சார்?" என்று வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் படியேறப் போனேன். நீங்கள் கையைப் பிடித்தீர்கள். "ஒரே பில்டிங்ல இருக்கோம், தினமும் மூஞ்சியப் பாக்கணும். விடு."

உங்களுக்கு வர வேண்டிய ப்ரமோஷன் வேறொருவருக்குப் போனபோதும் இதே 'விடு'தான். அந்த மே மாத மதியமும் நெஞ்சைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள்.

"ஆட்டோ கூப்பிடறேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கேஸா இருக்கும், விடு. வெயில் தாழட்டும்."

வெயில் தாழ்வதற்குள் போய்விட்டீர்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்றே வாழ்ந்த மனிதர், எனக்கு மட்டும் இவ்வளவு பெரிய தொந்தரவைக் கொடுத்துவிட்டுப் போகலாமா?

இந்த மழையில் செக்ரட்டரி வீட்டுக் கூரை மறுபடி ஒழுகியது. மாடியில் ஒரு தொட்டிகூடக் கிடையாது. பிளம்பர் வந்து பார்த்து, டேங்க் பைப்பில் விரிசல் என்றார். அன்று படியில் என்னைப் பார்த்த செக்ரட்டரி, "சார் தங்கமான மனுஷன்மா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல" என்றார்.

"அதான் உங்களுக்கு வசதியாப் போச்சு" என்றேன். அவர் முகம் மாறியது. "பூத்த செடியத் தூக்கிப் போட்டீங்களே, ஒரு ஸாரி கேட்டீங்களா சார்? அவர்கிட்ட இனிமே கேக்க முடியாது. என்கிட்ட கேளுங்க."

கதவுகள் திறந்தன. எல்லாரும் பார்க்க, "ஸாரிம்மா" என்று முனகினார். எனக்கு அது போதவில்லை. அன்றே வாட்ச்மேனை ஒரு கை பிடிக்கச் சொல்லி, பக்கெட்டுகளை மேலே கொண்டுபோனேன். யாரும் தடுக்கவில்லை. மழை ஓய்ந்ததும், நீங்கள் எடுத்துவைத்திருந்த விதைகளை ஊறவைத்து ஊன்றினேன். ஒரு சத்தம், அவ்வளவுதான் வேண்டியிருந்தது! அதை நீங்கள் போடவும் இல்லை, என்னைப் போடவிடவும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது மாடிக்கு வருகிறவர்கள் செடியைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்கிறார்கள். உங்களிடம் சொன்னதில்லை, எனக்கு இந்தப் பூ அப்படியொன்றும் பிடித்ததில்லை. சாயங்காலம் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். துணி எடுக்க வந்த நான் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கும். அந்த முதுகுதான் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓங்கி ஒரு அடி வைக்க வேண்டும் போல இருக்கிறது, அதன் மேல் சாய்ந்துகொள்ளவும் வேண்டும்.