நொய்மன் வீட்டு மருமகளுக்கு

“டீச்சர், ஒரு பேருக்கு என்ன கருத்தெண்டு தேடித் தருவீங்களோ?” என்று நீர் என்னிடம் கேட்டது எங்கள் கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற மெஷின்களுக்கு நடுவில். இன்று காலை அந்தக் கேள்வி திரும்பவும் காதில் விழுந்தது. இந்த வருடத்து டெலிபோன் புத்தகங்களைக் கீழ்வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள். என்னுடையதைத் தூக்கி வந்து மேசையில் போட்டுத் திறந்தேன். புது மையும் மலிவுக் கடுதாசியும் கலந்த மணம் வந்தது. என் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ தேடாமல் கை தானாக ஆங்கில ‘என்’ எழுத்துக்குப் போனது. நொய்மன், நொய்மன், நொய்மன் என்று நிரல் நிரலாய் இருந்தது. அத்தனை பேருக்குள்ளும் நீர் இல்லை. போன வருடமும் இல்லை. எந்த வருடத்துப் புத்தகத்திலும் நீர் இருந்ததில்லை.

நீர் ஏழாம் மாடி, நான் நாலாம் மாடி. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பனி கரையும் காலத்தில் ஜெர்மனியிலிருந்து இங்கே கனடாவுக்கு, உம்முடைய அண்ணர் வீட்டுக்கு வந்து சேர்ந்தீர். கட்டடத்தில் உம்மை எல்லோருக்கும் ‘அவற்றை தங்கச்சி’, அதாவது அண்ணருடைய தங்கை, என்றுதான் தெரியும். அண்ணரும் அண்ணியும் வேலைக்குப் போக, அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளைப் பார்ப்பதும் சமைப்பதும் உம்முடைய பொறுப்பு. உடுப்புக் கூடையோடு கீழே வருகிற அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் நீர் வீட்டுக்கு வெளியே நிற்கிற நேரம். கேள்வியைக் கேட்ட அன்று, கூடைக்குள் துவாய்களுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்தீர். உள்ளே இரண்டு பத்திரங்கள். இரண்டிலும் ஒரே பெயர்.

“நொய்மன். என்ரை பேர்தான் டீச்சர். அவர் இருக்கேக்கை கருத்தைக் கேக்க நினைக்கேல்லை. இப்ப கேக்க ஆளில்லை.”

“ஆர் அவர்?”

“என்ரை மனிசன். பேக்கரியிலை பாண் போட்டவர். போன வருசம் செத்துப் போனார். அண்ணைக்கும் அண்ணிக்கும் தெரியும். வேறை ஒருத்தருக்கும் தெரியாது.” ஒரு மெஷின் சுற்றி முடித்து நின்றது. “இப்ப உங்களுக்கும் தெரியும்.”

ஒரு பத்திரம் கலியாணப் பதிவு. மற்றது, வயோதிபர்களைப் பராமரிக்க இரண்டு வருடம் படித்து நீர் வாங்கிய சான்றிதழ். இரண்டும் உறைக்குள்ளேயே கிடக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் கனடாவுக்கு வரப் போட்ட படிவத்தில் இருந்த இரண்டு பெட்டிகள். அதை நிரப்பியவர் உம்முடைய அண்ணர். உம்மிடம் இருந்த இலங்கைக் கடவுச்சீட்டு கலியாணத்துக்கு முன் எடுத்தது. அதில் உமது பெயரோடு தகப்பனார் பெயர் இருந்தது. ‘லாஸ்ட் நேம்’ என்ற பெட்டியில் அவர் அதைப் போட்டார். நம்மவர் எல்லோரும் செய்வதுதான். குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்குக் கிடையாது, பெட்டியோ வெறுமையாய் விட முடியாதது. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளும். மின்சாரத்துக்கான ஹைட்ரோ பில் என் மாமனார் பெயரில் வருகிறது. அந்த மனிதர் வாழ்நாளில் யாழ்ப்பாணத்து எல்லையான ஆனையிறவைத் தாண்டியது இரண்டு தரம்தான்.

ஆனால் அடுத்த பெட்டியில் அவர் எழுதியது நம்மவர் எல்லோரும் செய்வதல்ல. ‘திருமணமாகாதவர்’ என்று எழுதினார். வெள்ளைக்காரனைக் கட்டி விதவையானவள் என்று தெரிந்தால் இங்கே உமக்கு ஒரு வாழ்க்கை அமையாது என்று பயந்தார். கெட்ட எண்ணம் இல்லை. அந்த ஒரு சொல்லால் நொய்மன் என்ற பெண்ணும் அவளுடைய கலியாணமும் படிப்பும் இந்த நாட்டில் இல்லாமல் போயின. சான்றிதழைக் காட்டினால் பொய் வெளியே வரும். காட்டாவிட்டால் அண்ணர் வீட்டுக் குசினிதான்.

அஜின்கோர்ட் நூலகத்தில் பெயர்களுக்கான ஒரு தடித்த அகராதி இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். அங்கேயே இருந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை கீழே வந்தேன். நாற்பது பிள்ளைகளுக்குப் படிப்பித்த பழக்கம், உம் ஒருத்திக்கும் அப்படியே தொடங்கினேன்.

“ஒரு ஊரிலை மூண்டு கந்தையா இருந்தால் என்ன செய்வியள்?”

“கடைக் கந்தையா, சந்தியடிக் கந்தையா…”

“மூண்டாமவர் போன வருசம்தான் ஊருக்கு வந்தவர்.”

“புதுக் கந்தையா!”

“அவ்வளவுதான் நொய்மன். புது ஆள். ஊருக்குப் புதுசாய் வந்து குடியேறினவன்.”

ஜெர்மன்காரரும் முந்தி ஒற்றைப் பெயரோடுதான் இருந்தார்கள் என்று சொன்னேன். ஊர்கள் பெருத்து ஒரே பெயரில் பலர் வந்தபோது, ஆளைப் பிரித்தறியப் பட்டப்பெயர் சேர்த்தார்கள். மா அரைக்கிறவன், தைக்கிறவன், புதிதாய் வந்தவன். எங்கள் ஊரில் பட்டப்பெயர் ஆளோடு போய்விடும், அல்லது பிள்ளைகளைக் கோபப்படுத்த மட்டும் மிஞ்சும். அங்கே அது பதிவுப் புத்தகத்தில் ஏறி, பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் இறங்கியது. இன்று அந்த நாட்டில் மிகவும் பரவலான பெயர்களில் இதுவும் ஒன்று. கிழக்குப் பக்கத்தில் இன்னும் அதிகம், அந்தப் பக்கம் ஒரு காலத்தில் புதுக் குடியேற்றங்கள் நிறைய. யூதக் குடும்பங்களிலும் இந்தப் பெயர் உண்டு. ஆங்கிலேயரிடம் நியூமன், போலந்துக்காரரிடம் நோவக், செக் நாட்டவரிடம் நோவாக் என்று நீட்டி. எல்லாம் புதியவன்தான். ஏன் இத்தனை பேர் என்றால், மா ஆலை இல்லாத ஊர் இருக்கலாம், வந்து குடியேறின ஒருவர் இல்லாத ஊர் இருக்காது.

நீர் கையிலிருந்த துவாயை மடிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றீர்.

“அப்ப அவையள் பல நூறு வருசமாய்ப் புது ஆக்களோ டீச்சர்? நான் வந்து ஆறு மாதம்தானே. எனக்கு இன்னும் காலம் கிடக்கு.”

சிரித்தீர். உம் பல் தெரிய நான் பார்த்தது அன்றுதான் முதல் தரம். பிறகு உம் மாமியாரைப் பற்றிச் சொன்னீர். அங்கே வாசல் மணிக்குப் பக்கத்தில் குடும்பப் பெயரை மட்டும் எழுதியிருப்பார்களாம். கலியாண எழுத்து முடிந்து வந்த அன்று மாமியார் உம் விரலைப் பிடித்து அந்தப் பெயரின் மேல் வைத்து, “இனி இது உனக்கும்” என்றாராம். “அகதி முகாமிலை நாலு வருசம் இருந்தனான் டீச்சர். எந்தக் கதவிலையும் என்ரை பேர் இருக்கேல்லை. உதாலைதான் எனக்கு உந்தப் பேர் வேணும். வேறை ஒண்டுக்கும் இல்லை.”

அதைக் கேட்ட பிறகும் நான் செய்ததை இங்கே எழுத வேண்டும்.

தொண்ணூற்றைந்தில் உமக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மிசிசாகாவில், விமான நிலையத்தில் வேலை. நம் வழக்கப்படி பெண்ணைப் பற்றி விசாரிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடிப்பார்கள், அந்த ஒருவர் ஆசிரியராக இருந்தால் விசேஷம். மாப்பிள்ளையின் தாயார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு டெலிபோன் எடுத்தார்.

“டீச்சர், நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் எங்களுக்குக் காணும். பெட்டை எப்பிடி?”

“நல்ல பிள்ளை.”

“ஜெர்மனியிலை தனிய இருந்தவவாம். அங்கை ஒரு கரைச்சலும் இல்லைத்தானே?”

“எனக்குத் தெரிஞ்சு அப்பிடி ஒண்டும் இல்லை.”

ரிசீவரை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். பொய் சொல்லவில்லை என்றே நினைத்தேன். கலியாணம் கரைச்சல் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் சொன்னது அதற்குள் உம் காதுக்கு எட்டியிருந்தது. பின்னேரம் நீர் என் கதவைத் தட்டினீர். உள்ளே வரவில்லை.

“எல்லாக் கதவையும் அண்ணைதான் பூட்டினவர் எண்டு நினைச்சன். ஒண்டை நீங்கள் பூட்டிப் போட்டியள் டீச்சர்.”

அவ்வளவுதான் சொன்னீர். நீர் நடைபாதையால் போய் எலிவேற்றருக்குக் காத்து நின்ற நேரம் முழுவதும் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

அடுத்த சனி மாப்பிள்ளை வீட்டார் உம்மைப் பார்க்க வந்தார்கள். என்னையும் அண்ணர் கூப்பிட்டிருந்தார். ரோல்ஸ், பற்றீஸ், கேக் எல்லாம் நீரே செய்தவை. தாயார் சாதகப் பேச்செடுத்து, “பிள்ளை, உம்மடை முழுப்பேரைச் சொல்லும்” என்றார். நீர் தட்டத்தை மேசையில் வைத்தீர். முதலில் உமது பெயர், பிறகு நொய்மன். “எனக்கு ஒருக்காக் கலியாணம் முடிஞ்சது, அன்ரி. அவர் செத்து மூண்டு வருசம்.”

கேக்கை வெட்டிக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. தாயார் உம்மைப் பார்க்கவில்லை, என் பக்கம் திரும்பினார். “டீச்சர், நீங்களும் உதைச் சொல்லேல்லையே?” நான் கையிலிருந்த ரோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் வகுப்பில் “எழும்பி நிண்டு சொல்லு” என்று பிள்ளைகளிடம் சொன்னவள். அன்று எழும்பி நின்று சொன்னது நீர் மட்டும்தான்.

சொன்னதால் உமக்கு விடிந்திருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திராது. சம்பந்தம் முறிந்தது. அண்ணர் ஒரு மாதம் உம்மோடு கதைக்கவில்லை. நீரும் நானும் ஒரு வக்கீலிடம் போனோம். திருத்தலாம் என்றார். ஆனால் பொய்யான விபரத்தை எழுதியவர் தான்தான் என்று அண்ணர் ஒப்புக்கொள்ள வேண்டும், அப்போது அவர் தம் மாமன் மாமியைக் கூப்பிடப் போட்டிருந்த மனுவையும் கிளறுவார்கள் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்து, “என்ரை பேருக்காக அவற்றை கழுத்திலை கத்தி வைக்கேலாது டீச்சர். விடுங்கோ” என்றீர். உறை பழையபடி துவாய்களுக்கு அடியில் போனது. முதியோர் இல்லத்துக்கு ஆள் தேவை என்ற விளம்பரங்களை வெட்டிக்கொண்டு வந்து காட்டிக்கொண்டிருந்தேன். நீர் வாசித்து மடித்துத் திருப்பித் தருவீர். ஒரு நாள், “இனிக் கொண்டு வராதேங்கோ” என்றீர். சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள், பெரியவள் உம்மைவிட உயர்ந்தாள், நீர் ஏழாம் மாடியிலேயே இருந்தீர். போன மாசியில் நீர் கண் மூடிய ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் கட்டிய பட்டியிலும் உமது தகப்பனார் பெயர்தான்.

போன கிழமை அண்ணர் என்னிடம் வந்தார். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு உமது வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுத வேண்டுமாம். விபரங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்திருந்தார். பிறந்த ஊர், தாய் தகப்பன், சகோதரர், மருமக்களான தன் பெண்பிள்ளைகள். ஜெர்மனியில் இருந்த ஒன்பது வருடத்துக்கு ஒரு வரியும் இல்லை.

அவரை இருக்கச் சொல்லிவிட்டு அவர் முன்னாலேயே எழுதினேன். ‘இன்னாரின் அன்பு மகளும், காலஞ்சென்ற நொய்மனின் அன்பு மனைவியும்’ என்று எழுதித் தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

“டீச்சர், எல்லாச் சனமும் வாசிக்கும்.”

“ஓம் தம்பி. வாசிக்கத்தானே அச்சடிக்கிறது.”

“இமிகிரேஷன்காரன்?”

“செத்த ஆளைத் திருப்பி அனுப்பேலாது. உமக்கு ஏதும் வந்தால் நானும் வந்து நிக்கிறன். மறைச்சதிலை எனக்கும் பங்கிருக்கு.”

கோபப்பட்டு எழும்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனையை எடுத்து, நொய்மனுக்கு முன்னால் இருந்த சின்ன இடைவெளியைத் தொட்டார்.

“அந்தாளின்ரை சொந்தப் பேர் என்ன டீச்சர்?”

எனக்குத் தெரியவில்லை. அகராதி பார்த்தேன், டெலிபோன் புத்தகம் பார்த்தேன், அந்தப் பெயர் எந்த நாட்டில் எப்படி வழங்குகிறது என்று உமக்கே வகுப்பெடுத்தேன். நிலவறையில் அன்று என் கையில் தந்த பதிவில் அது எழுதியே இருந்திருக்கும், நான் குடும்பப் பெயரை மட்டும் பார்த்தேன். உம்மோடு வாழ்ந்து பாண் போட்டுச் செத்த அந்த மனிதரை நீர் வீட்டில் எப்படிக் கூப்பிட்டீர் என்று அத்தனை வருடத்தில் ஒரு தரம் கேட்கவில்லை. அவரை மறைத்த அண்ணரும் கேட்கவில்லை, அவரை ஆராய்ந்த நானும் கேட்கவில்லை.

அண்ணர் மேலே போனார். அரை மணித்தியாலம் கழித்து உறையோடு வந்தார். கண் சிவந்திருந்தது. கலியாணப் பதிவைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, தன் கையாலேயே தமிழில் எழுதினார். அந்தப் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை, உமக்குத் தெரிந்ததுதானே. பிந்தி வந்த எழுத்து. உமக்கு அதால் ஒரு கதவும் திறக்காது என்பது எனக்குத் தெரியும். இப்போது நான் கொண்டு திரிவது நீர் கேட்ட கேள்வியை அல்ல, நான் கேட்காமல் விட்டதை.

இந்த மடலும் அந்தக் கல்வெட்டிலேயே அச்சாகிறது. அதைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு, ஆரும் பேச்செடுக்காத கணவனோ மனைவியோ பிள்ளையோ இருக்கலாம். இன்று சாப்பாடு முடிந்ததும் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, அந்த ஆளின் பெயர் என்ன என்று கேளுங்கள்.