என் பெயரில் நீ வளர்த்த நோய்

என் உயிரை வாங்கிவிட்டு உன் உயிரை விட்ட அன்பு மச்சான் வீராசாமிக்கு,

திகாம் பத்து கடைத்தெருவின் முடிசூடா மன்னனும், பாய் கடைத் தராசின் தனிப்பெரும் காவலனும், உன் தங்கை அஞ்சலையைக் கட்டிய ஒரே குற்றத்துக்காக வருடக்கணக்கில் உப்பில்லாச் சோறு தின்றவனுமாகிய கோவிந்தன் எழுதுவது. நீ போன ஊருக்குத் தபால் உண்டா என்று தெரியவில்லை. அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் பொய் தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் நடந்து போனதே, உண்மையும் அதே வழியில் போய்வரட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. நீ பால் வெட்டிய ரப்பர் மரங்களை இப்போது உன் மகன் சேகர் வெட்டுகிறான். மரத்துக்குக் காயம் படாமல் வெட்டுகிறான் என்று கங்காணியே வாய் திறந்து சொன்னார். கங்காணி ஒருவரைப் பாராட்டினால் வானம் இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளக்கவில்லை, மழைதான் பெய்தது. பையன் உன்னைப் போலவே ஒல்லி, உன்னைப் போலவே பீடி, உன்னைப் போலவே பிடிவாதம். அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் உன்னோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புது மிஷின் வந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கி, ரத்தத்தின் அழுத்தத்தை அளப்பார்களே, அது. தோட்டத்தார் எல்லாரும் கையை நீட்ட வேண்டும் என்று துரையின் உத்தரவு. நான் தோட்டத்து ஆளே இல்லை, திருவிழாவுக்கு வந்த விருந்தாளி. ஆனாலும் சும்மா அளக்கிறார்கள் என்றால் என் கை சும்மா இருக்குமா? உனக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். என் கையைப் பார்த்து, மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயா திகைத்துப்போனார். ஜெராய் மலைக்குப் பட்டை சுற்றச் சொன்னால் யார்தான் திகைக்க மாட்டார்கள்?

நீயோ தென்னை ஈர்க்கு. தூரத்தில் வந்தால் சட்டை மட்டும் தனியாக நடந்து வருவது போல இருக்கும். உனக்கு அளந்தார். உட்கார வைத்து மறுபடியும் அளந்தார். எனக்கு அளந்து முடித்ததும் உன்னை மருந்து அலமாரிப் பக்கம் கூட்டிப்போய் நெடுநேரம் பேசினார். நடுவில் நீ ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

வெளியே வந்து தோளில் கை போட்டாய். "மச்சான், டிரெசர் உன்னையப் பத்திதான் பேசுனாரு. உனக்கு ரத்தக் கொதிப்பாம். உப்பு, கொழுப்பு எல்லாத்தையும் விட்டுறணுமாம். மனசத் தளரவிடாத லா."

நம்பினேன். நான் மட்டுமா, அந்த ஜில்லாவே நம்பியது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ரத்தக் கொதிப்பு என்றால் தடியனுக்கு வரும், முதலாளிக்கு வரும், துரைக்கு வரும். இருட்டு விலகும் முன்னே எழுந்து மரத்துக்கு மரம் ஓடுகிறவனுக்கு எப்படி வரும்? என் உடம்பே உன் பொய்க்குச் சாட்சியாகிவிட்டது. நீ அதிகம் சிரமப்படவே இல்லை, மச்சான்.

அன்று முதல் என் சாப்பாட்டில் உப்பு நாடுகடத்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளில் வருவாய். உன் இலையில் கருவாட்டுக் குழம்பு, ஆட்டுக் கொழுப்பு மிதக்கும் பிரட்டல். என் இலையில் அவித்த புடலங்காய். அண்ணனுக்கு மூன்றாம் தடவை பரிமாறுகிற உன் தங்கை, என் கை ஊறுகாய்ப் பக்கம் நகர்ந்தால் கரண்டியால் தட்டுவாள். "பாவம் மச்சான், நாக்குச் செத்துப்போச்சு" என்று வருத்தத்தோடு சொல்லிக்கொண்டே எலும்பை உறிஞ்சுவாய். உனக்கு அந்த எலும்பு எப்படி இறங்கியது?

மாத்திரை வேறு. மாதா மாதம் டிரெசர் கொடுத்தார் என்று பொட்டலத்தை அஞ்சலையிடம் ஒப்படைப்பாய். அதை விழுங்கினால் பாய் கடையே ராட்டினம் போலச் சுற்றும். ஒருநாள் எழுந்து நின்றேன், அரிசி மூட்டை மேல் விழுந்தேன். நல்லவேளை, மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. தலை சுற்றுகிறது என்றால், பார்த்தீர்களா, அதுதான் வியாதி என்பாள் உன் தங்கை. அதன் பிறகு மாத்திரைகளை வாயில் அதக்கிக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த வாழைக்குத் துப்பினேன். கெடா மாநிலத்திலேயே ரத்தக் கொதிப்பு இல்லாத வாழை அதுதான். உன்னைக் காப்பாற்ற வந்த மருந்து, மச்சான். உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

பிறகு உன் நெஞ்சு பேச ஆரம்பித்தது. மேட்டுக்காட்டில் ஏறினால் மார்பை யாரோ பிழிவது போல இருக்கிறது என்றாய். நின்றால் போய்விடுகிறது, வாயுத்தொல்லை என்றாய். பூண்டு தின்றாய், சோடா குடித்தாய். ஒருநாள் பால் வாளியோடு விழுந்தாய். அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு தமிழ் டாக்டர், இவருக்கு எத்தனை காலமாக ரத்தக் கொதிப்பு என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, அவருக்கு இல்லை டாக்டர், நோயாளி நான்தான் என்றேன். ஏதோ பட்டம் வாங்கியவன் மாதிரி. அவர் சிரிக்கவில்லை. என் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். உங்களுக்கு ஒன்றுமே இல்லையே, யார் சொன்னது என்றார்.

அவர்தான் விளக்கினார். இந்த நோய்க்குச் சத்தம் கிடையாதாம். பெரும்பாலும் வலிக்காது, தலைகூடச் சுற்றாது. நல்லாத்தானே இருக்கிறேன் என்று ஆள் நடமாடும்போதே ரத்தக் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குமாம். புண்ணான இடத்தில் கொழுப்பு படியுமாம். கொலஸ்ட்ரால் என்று பெயர் சொன்னார், எனக்கு ஏதோ புதுத் துரையின் பெயர் போலக் கேட்டது. புகை அதை இன்னும் விரைவுபடுத்துமாம். ஒல்லி, தடி என்று அது ஆள் பார்ப்பதில்லையாம். எனக்கு உன் மரங்கள்தான் கண்ணில் வந்தன. வெட்டும் முன் பட்டையின் வெட்டுக்கோட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்து எடுப்பாயே, அப்போதுதானே புதுப் பால் வழியும்? உன் நெஞ்சுக் குழாயில் உறைந்ததை யார் உரிப்பது?

கட்டிலருகே வந்து உன்னைப் பார்த்தேன். நீ சுவரைப் பார்த்தாய்.

"கோவிக்காத மச்சான். நோயாளின்னு தெரிஞ்சு, காலையில ஆள் கூப்புடுற பெரட்டுல பேர வெட்டிட்டா லயத்த விட்டு எறக்கிருவான். பிள்ளைகள எங்க கொண்டு வைப்பேன்? நீ கடை ஆளு. உனக்கு யாரு பேர வெட்டப்போறா?"

"அதுக்கு மருந்தையும் எங்கிட்டயா தள்ளுவ?"

"லயத்துல ஒரு மாத்திரைய மறைச்சு வைக்க முடியுமா லா? அஞ்சலைக்கு மட்டும் தெரிய வேணாம். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். நீ போய்விட்டாய். கருமாதியன்று டிரெசர் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை தடவை சொன்னேன், தலையை ஆட்டி ஆட்டி மாத்திரையை வாங்கிப் போவாரே என்று கலங்கினார். வேலை போனால் வீடும் போகும் என்கிற தோட்டத்தில், உன் பயம் எனக்குப் புரிகிறது. பயத்தை மன்னிக்கிறேன். என்னிடம் மறைத்ததை எப்படி மன்னிப்பது? கேட்டிருந்தால் என் பெயரைச் சந்தோஷமாக இரவல் தந்திருப்பேனே. பத்தியத்தை நான் இருப்பேன், மாத்திரையை நீ விழுங்கு என்று சொல்லியிருப்பேனே. ஒரே இலையில் சாப்பிட்ட என்னை நீ நம்பவில்லையே, மச்சான்.

இனி உனக்கு நான் செய்த துரோகம். சத்தியத்தை உடைத்துவிட்டேன்.

சென்ற மாதம் சேகர் வீட்டுக்கு வந்தான். படி ஏறி வந்தவன் மார்பைத் தேய்த்துக்கொண்டு, வாயு மாமா என்றான். காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். டிரெசரிடம் போகலாம் என்றேன். சிரித்தான். "உங்க உடம்புக்கு வரும் மாமா. எனக்கு என்னா இருக்கு? எங்க வம்சத்துலயே பிரஷர் கெடையாது."

எங்கள் வம்சத்திலேயே! நீயும் நானும் சேர்ந்து அவனுக்கு எழுதி வைத்த சொத்து அது. உன் அப்பா காட்டில் மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, முனி அடித்துவிட்டது என்றார்கள். நீ போனாய், வாயு என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

அஞ்சலையையும் உட்கார வைத்து, இருவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பையன் குனிந்த தலை நிமிரவில்லை. உன் தங்கை அழுவாள் என்று நினைத்தேன். "எனக்கும் அண்ணனுக்கும் ஒரே ரத்தந்தானே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு புடவை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்புடா சேகரு" என்றாள்.

டிரெசர் அளந்தார். அவளுக்கு இருக்கிறது. உன் மகனுக்கும் இருக்கிறது, இந்த வயதிலேயே. அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். நெஞ்சில் அடைப்பு ஆரம்பம்தான், பீடியை விட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சமாளிக்கலாம் என்று அதே டாக்டர் சொன்னார். பேர் வெட்டுவார்களே மாமா என்றான் வரும் வழியில். வெட்டினால் பாய் கடையில் தூக்க மூட்டை இருக்கிறது, என் வீட்டில் படுக்கப் பாய் இருக்கிறது என்றேன்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீராது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். மாதா மாதம் உன் மகனின் காதைப் பிடித்து இழுத்துப்போய்க் கையை நீட்ட வைப்பேன். மாத்திரையை அவன் விழுங்கி, வாயைத் திறந்து காட்டும்வரை இந்த மலை அவன் முன்னாலிருந்து நகராது. உன் தங்கையின் தட்டில் உப்புக் குறைந்திருக்கும் வரைக்கும் என் தட்டிலும் குறைந்தே இருக்கும். இந்தத் தடவை, யார் நோயாளி என்று தெரிந்தே சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
நீ நம்பாமல் போன, உன் பிள்ளைக்கு இனி அப்பன் ஸ்தானத்தில் நிற்கிற,
உன் மச்சான் கோவிந்தன்